குகைச் சாசனம் கண்ட பரணவிதான

ஈழநாட்டின் வறண்ட பிரதேசத்திலே காடு மூடிக்கிடக்கும் கற்குன்றுகள் பல. அக்குன்றுகளின் சாரலில் முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் பெரும்பாறைகளின் கீழ், இருவர் மூவர் படுத்துறங்கப் போதிய குகைகள் உண்டு. இன்று கரடியும் வௌவாலும் குடியிருக்கும் அக்குகைகளின் வாசலில் நின்று அண்ணாந்து நோக்குவோர், பாறையின் நெற்றியிலே நெடுங்கோடு ஒன்று ஓடுவதைக் காண்பர். அது இயற்கையாய் அமைந்த கோடு அன்று. உளிகொண்டு வெட்டிய விளிம்பு. பாறையின் முதுகால் வழிந்துவரும் மழைநீர் உள்ளே புகாமல், அவ்விளிம்பிலே தடைப்பட்டு வாசலுக்கு வெளியே சொட்டி விழும்படி செய்த உபாயம் அது. நம்மவர் அதனைக் கற்புருவம் என்பர்.

ஒருமுறை மாணாக்கர் சிலரோடு மிகிந்தலை சென்றிருந்தபோது பெருமழை பிடித்துக்கொண்டது. குகையொன்றில் ஒதுங்கினோம். வாசலுக்கு வெளியே நீர் திரைபோல இறங்கிற்று. உள்ளே ஒரு துளியும் விழவில்லை. அதுவரை எனக்குக் கற்புருவம் நூலிற் படித்த ஒரு சொல்லாகவே இருந்தது.

கற்புருவத்தின் கீழே, மழை தொடாத இடத்தில், பெரும்பாலும் ஒற்றை வரியாகப் பிராமி எழுத்துக்கள் வெட்டப்பட்டிருக்கும். மொழி பழைய பிராகிருதம். பொருளும் ஏறக்குறைய ஒன்றே: இன்னாரின் மகனாகிய இன்னாரது குகை, நாற்றிசையினின்றும் வந்தவரும் வரவிருப்பவருமாகிய பிக்குகளின் சங்கத்துக்கு அளிக்கப்பட்டது என்பது. அரசரும் அரசகுமாரரும் சிலவற்றில் உளர். பெரும்பான்மை ஊர்த்தலைவர், வணிகர், இல்லறத்தார், உபாசகர், உபாசிகையர் ஆகியோருடையவை. மகாவமிசம் மன்னரையும் அவர் எடுப்பித்த விகாரைகளையும் விரித்துரைக்கின்றது. அம்மன்னருக்குக் கீழ் வாழ்ந்த குடிமக்கள் இன்ன பெயரினர், இன்ன தொழிலினர் என்று அறிய விரும்புவோர் குகைவாசலிலேதான் போய் நிற்றல் வேண்டும்.

அவ்வாசல்களில் ஐம்பது ஆண்டுகாலம் நின்றவர் செனரத் பரணவிதான.

அவருக்கு முன்னோர் இல்லாமல் இல்லை. பிராமி எழுத்தின் மூடிய கதவை 1837இல் திறந்தவர் சேம்ஸ் பிரின்செப். அசோகனை அடையாளங் காண்பதற்கு அவருக்குத் துணைநின்றவர் இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த சோர்ச் டேர்னர். பின்னர் சாசனம் திரட்டுதற்கென்றே வந்த கோல்ட்சிமித் என்னும் செருமானிய அறிஞர் காட்டுக் காய்ச்சல் கண்டு 1877இல் இந்நாட்டிலேயே உயிர்நீத்தார். அவர் விட்ட பணியை மியூல்லர் தொடர்ந்து 1883இல் ஒரு நூலாக்கினார். 1890இல் தொல்பொருளாராய்ச்சிப் பகுதியின் முதல் ஆணையாளராகிய எச். சி. பி. பெல் காடுகளை அளந்து, குகைகளைக் கணக்கெடுத்து, எண்ணிறந்த சாசனங்களைப் பார்த்தெழுதிவைத்தார். தொன் மார்த்தினோ டி சில்வா விக்கிரமசிங்க எபிகிறாபியா சீலானிக்கா என்னும் சாசனத் தொகுதியைத் தொடக்கிவைத்தார். ஆயினும் நாடெங்கும் சிதறிக்கிடந்த குகைச் சாசனங்களை ஒருசேரத் தொகுத்து, ஒரே கண்ணால் வாசித்து, ஒரே நூலிற் கோத்துத் தரும் பணி எஞ்சியே இருந்தது.

பரணவிதான 1896ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆம் நாள் காலிக்கு அண்மையிலுள்ள மெத்தரம்ப என்னும் ஊரிலே பிறந்தார். பிரிவேனாவிற் கீழைத்தேய மொழிகளைக் கற்றார். தொடக்கத்தில் அரசினர் பாடசாலையொன்றில் ஆசிரியராய் இருந்தார். நம்மைப்போல வகுப்பறையிற் சுண்ணாம்புக்கட்டி பிடித்த கையே பின்னர்க் கற்பாறையைத் துடைக்கப் போயிற்று என்பதை இவ்விடத்துக் கூறாமல் விட மனமில்லை. 1923இல் தொல்பொருளாராய்ச்சிப் பகுதியிற் சேர்ந்தார். ஓக்காட் ஆணையாளராய் இருந்த காலம் அது. சாசனவியலிற் பயிற்சி பெறும்பொருட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்திய அரசாங்கச் சாசனவியலறிஞரின் அலுவலகம் அக்காலத்தில் உதகமண்டலத்தில் இருந்தது. அங்கே எழுத்துக்களின் வளர்ச்சியைக் கற்றுத் தெளிந்து, 1926 அளவிற் சாசனவியல் உதவியாளராய்ப் பணியேற்றார்.

சாசனம் வாசித்தல் அறையில் இருந்து செய்யும் தொழில் என்று எண்ணுவோர் பலர். அங்ஙனமன்று. முதலிற் குகைக்கு வழி வெட்டுதல் வேண்டும். பாசியும் குளவிக்கூடும் அகற்றிப் பாறையைத் தும்புத்தூரிகையாற் கழுவுதல் வேண்டும். பின்னர் நனைத்த காகிதத்தை எழுத்தின்மேல் ஒட்டி, அது எழுத்தின் பள்ளங்களுள்ளே இறங்கும்வரை தூரிகையால் அடித்தல் வேண்டும். காகிதம் பாதி உலர்ந்ததும் மைப்பொதியால் ஒற்றினால் பாறையின் மேற்பரப்புக் கருமையாகவும் எழுத்து வெண்மையாகவும் தோன்றும். இதுவே மைப்படி. கற்புருவத்தின் கீழுள்ள எழுத்தோ ஆள் உயரத்துக்கு மேலே நிற்பது. காட்டுமரத்தாற் பரண்கட்டி ஏறியே படியெடுத்தல் வேண்டும். படி எடுத்தபின்னும் வேலை தீர்ந்ததில்லை. பாறையின் இயற்கை வெடிப்பு எது, உளியின் கீறல் எது என்று பிரித்தறிதல் வாசகனின் கடமை. ஒரு வெடிப்பை எழுத்தென்று கொண்டால் ஒரு பெயர் மாறும். பெயர் மாறினால் வரலாறே மாறும்.

தம் பிறந்த மண்ணாகிய காலி தந்த அரியதொரு கல்லையும் அவர் தொடக்க காலத்திலேயே ஆராய்ந்தார். 1911இல் காலி நகரிலே மதகொன்றை மூடிக்கிடந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிலும் எழுத்துப் பொறித்தது, 1409ஆம் ஆண்டுக்குரியது, சீனக் கடற்படைத் தலைவன் செங் கோ கொண்டுவந்து நாட்டியது. சீனப் பகுதி புத்தபெருமானுக்குரிய காணிக்கைகளைக் கூறும். தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்குரியவற்றைக் கூறும். பாரசீகப் பகுதி இசுலாஞ் சார்ந்தது. ஒரே காணிக்கையை மூன்று தெய்வத்தார்க்கும் முறையே பகிர்ந்த அச்சீனனின் சாதுரியத்தை வியவாதார் யார்? அக்கல்லின் தமிழ்ப் பகுதியை வாசித்து எபிகிறாபியா சீலானிக்காவின் மூன்றாந் தொகுதியில் வெளியிட்டவர் பரணவிதான. புதுமுத்தாவைத் தமிழ்த் தூண் சாசனங்கள் இரண்டனையும் அதே தொகுதியில் அவரே பதிப்பித்தார். சிங்கள அறிஞர் ஒருவர் தமிழ்ச் சாசனங்களை இத்துணைப் பொறுமையுடன் பதிப்பித்த செய்தி நம் மாணாக்கருட் பலருக்குத் தெரியாது.

1936இல் பருத்தித்துறைக்கு அண்மையிலுள்ள வல்லிபுரத்திலே பொன்னேடு ஒன்று வெளிப்பட்டது. அதனை வாசித்த பரணவிதான, நாகதீவை ஓர் அமைச்சன் ஆண்டகாலத்தில் அங்கே விகாரையொன்று எடுப்பிக்கப்பட்டது என்றும், ஏட்டிற் குறித்த அரசன் வசபன் என்றும் கூறினார். யாழ்ப்பாணத்து அறிஞர் பலர் இவ்வாசிப்பின் சில பகுதிகளை ஒப்பவில்லை. அவ்வழக்கு நீண்டது; இங்கே அதனைத் தீர்க்கப் புகவில்லை. அதே ஆண்டில் ஒல்லாந்தின் லெய்டன் சர்வகலாசாலை அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று.

இனி நமக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். அநுராதபுரத்தில் அபயகிரித் தூபிக்கு அண்மையிலே பாறையோடு சேர்ந்த ஒரு மேடை உண்டு. அதன் பாறையில் வெட்டிய பிராமி எழுத்துக்கள், அது தமிழ் இல்லறத்தாரின் மேடை என்றும், சமணன் என்னுந் தமிழன் அதனைச் செய்வித்தான் என்றும் கூறுகின்றன. மேடையில் இன்னின்னார்க்கு இன்னின்ன ஆசனம் என்று பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவருள் ஒருவன் நாவிகன், அதாவது மரக்கலத் தலைவன். பரணவிதான இதனை 1940இல் இராயல் ஆசியக் கழகத்து இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் வெளியிட்டு, காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்றார். பிராகிருதத்தில் வந்த தமெட என்னுஞ் சொல்லுக்குத் தமிழன் என்பதே பொருள் என்று ஐயத்துக்கிடமின்றி எழுதினார். கூலிப்படையாகவோ கொள்ளைப்படையாகவோ அன்றி, இருந்து பேசுதற்கு ஒரு மன்றம் அமைத்துக்கொண்ட குடிகளாகத் தமிழர் தலைநகரில் வாழ்ந்தமைக்கு அக்கல் சாட்சி.

வவுனியாப் பகுதியிலுள்ள பெரியபுளியங்குளத்துக் குகைகளிலும் இத்தகைய சாட்சி உண்டு. உத்தி என்னும் அரசனின் மனைவியாகிய அநுராதியின் பெயர் தாங்கிய குகைகள் அங்கே உள்ளன. அவற்றோடு ஒரே குன்றிலே, தமிழ் வணிகனும் இல்லறத்தானுமாகிய விசாகனின் பெயரும் இரண்டு சாசனங்களில் வருகின்றது. அரசியும் வணிகனும் அண்டையயலாராய் அறஞ்செய்த குன்று அது.

குகைச் சாசனங்களில் அடிக்கடி வரும் பட்டம் பருமக என்பது. பிரமுக என்னும் வடசொல்லின் திரிபு அது என்பது பரணவிதானவின் முடிபு. தமிழறிந்தார் காதில் அச்சொல் விழுந்தவுடன் பெருமகன் என்னுஞ் சொல் நினைவுக்கு வரும்; அங்ஙனம் கொள்ளுதலே பொருந்தும் என்று பின்வந்த தமிழறிஞர் வாதித்துள்ளனர். இரட்டித்த மெய்யைக் காட்டாமலும் நெட்டுயிரைப் பெரும்பாலும் குறிலாகவே எழுதியும் செல்லும் அவ்வெழுத்து, வாசிப்போனுக்கு இரண்டு பக்கத்தும் வழி விடுகின்றது. எனக்குப் பெருமகன் என்பதே நெருக்கமாய்த் தோன்றுகின்றது. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். இவ்வழக்கில் அவரை மறுப்போரும், அவர் தந்த பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டே மறுக்கின்றனர்.

1940இல் அவர் ஆணையாளரானார். இந்நாட்டவர் ஒருவர் அப்பதவியில் நிலையாக அமர்ந்தது அதுவே முதன்முறை. தொல்பொருட் கட்டளைச்சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டே. பதினாறு ஆண்டு அப்பதவியில் இருந்து அகழ்ந்தவையும் புதுக்கியவையும் பல. அவற்றை அடுக்கிக்கூறின் கட்டுரை அலுவலக அறிக்கையாகிவிடும். ஒன்றனை மாத்திரம் கூறுவேன். சீகிரிக் குன்றின் இடையே வழவழப்பாகத் தீற்றிய சுவரொன்று உண்டு. அக்குன்றின் ஓவியப் பெண்களைக் காணவந்தோர் எட்டு, ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் அச்சுவரிலே எழுத்தாணி போன்ற கூரிய கருவிகளாற் பாட்டெழுதிவைத்துச் சென்றனர். மயிரிழை போன்ற கீறல்கள். ஒருவர் எழுதியதன்மேல் இன்னொருவர் எழுதியவை. வெயில் சாய்வாய் விழும் வேளையிற் சில எழுத்துத் தெரியும். வேளை தப்பினால் மறையும். பரணவிதான ஆண்டுக்கணக்காக அச்சுவரின் எதிரே நின்று 685 பாடல்களை வாசித்தெடுத்தார். 1956இல் அவை இரு பெருந் தொகுதிகளாக ஒக்சுபோட்டிலிருந்து வெளிவந்தன. பழஞ் சிங்களக் கவிதை என்னும் முழு இலக்கியமே ஒருவரின் கண்ணிலிருந்து பிறந்தது என்றால் மிகையாகாது. அவ்வாண்டிலேயே பதவியினின்றும் ஓய்வுபெற்றார். அடுத்த ஆண்டிலிருந்து பேராதனைச் சர்வகலாசாலையில் தொல்பொருளாராய்ச்சித் துறையின் ஆராய்ச்சிப் பேராசிரியராய் விளங்கினார்.

அங்கிருந்துதான் அவர் வாழ்வின் துயரமான பகுதி தொடங்குகின்றது.

1961இல் வட இலங்கை ஆரிய இராச்சியம் பற்றி ஒரு கட்டுரை வரைந்து, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளைச் சாவக மரபினராக்கினார். நம்மவர் மனம் புண்பட்டது. ஆயினும் அது சான்றுகளுக்குப் பொருள்கொள்ளும் முறைபற்றிய வழக்கு. அதனை மறுத்தற்கு வழியிருந்தது. பின்னர் நிகழ்ந்தது வேறு. பழைய சாசனங்களின் வரிகளுக்கு இடையேயும் எழுத்துக்களின் மேலேயும், பதினைந்தாம் நூற்றாண்டினர் நுண்ணிய எழுத்தால் வேறு நூல்களைப் பொறித்துவைத்துள்ளனர் என்று அவர் கூறலானார். அவை சமக்கிருதத்தில் அமைந்தவை என்றும், மறைந்துபோன வரலாற்று நூல்களின் பகுதிகள் அவற்றில் உள்ளன என்றும் எழுதினார். சுவர்ணபுரவமிசம், பரம்பராபுத்தகம் என்று அந்நூல்களுக்குப் பெயர்களும் கூறினார். 1966இல் வெளிவந்த இலங்கையும் மலேசியாவும் என்னும் நூலில் இத்தகைய வாசிப்புக்கள் தூண்களாய் நின்றன. 1971இல் கிரேக்கரும் மௌரியரும் பற்றிய நூலும், 1972இல் சீகிரியின் கதையும் அவ்வழியே வந்தன.

மற்றோர் அக்கற்களைச் சென்று பார்த்தனர். மைப்படிகளை உருப்பெருக்கி நோக்கினர். வரிகளுக்கிடையே அவர்கள் கண்டது பாறையின் சொரசொரப்பே. 1967இல் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன பேராதனையிலிருந்து வெளிவந்த ஆய்வேட்டில் நீண்ட மறுப்பொன்று எழுதினார். கா. இந்திரபாலாவும் அவ்வாண்டே தம் ஐயங்களை வெளியிட்டார். இருவரும் அவருக்கு இளையோர். அவர் வளர்த்த துறையில் வளர்ந்தோர். சிங்களவர் ஒருவரும் தமிழர் ஒருவரும் ஆகிய இருவரும், சான்று என்ற ஒன்றின்பொருட்டு, நாடு போற்றிய முதுபேரறிஞரை எதிர்த்து எழுதவேண்டி வந்தது. எழுதிய கைகளுக்கும் அது எளிய காரியமாய் இருந்திராது. வரியிடை வாசிப்புக்களை வரலாற்றறிஞர் இன்றுவரை ஏற்றுக்கொண்டிலர்.

அவர் அறிந்தே பொய் புனைந்தார் என்று கூற எனக்கு நாவெழவில்லை. முப்பது ஆண்டுக்கு மேலாக வெடிப்புக்கும் கீறலுக்கும் இடையே எழுத்தைத் தேடிய கண் அது. பிறர் வெறுஞ் சுவர் கண்ட இடத்திலே 685 பாடல்களைக் கண்ட கண். அன்று பிறர் காணாததை அவர் கண்டார். உலகம் பின்னர் ஒப்பிற்று. அத்தகைய ஒருவருக்கு, முதுமையில், பிறர் காணவில்லை என்பது ஒரு தடையாய்த் தோன்றாமற் போனதில் வியப்பில்லை. ஆயினும் சாசனவியலில் ஒரு கண் போதாது. கல் அங்கேயே கிடக்கவேண்டும். இரண்டாமவன் வந்து நின்றாலும் அதே எழுத்துத் தெரியவேண்டும். சீகிரிச் சுவர் அச்சோதனைக்கு நின்றது. வரியிடை எழுத்து நிற்கவில்லை.

இவ்விடத்தில் நம்மவருட் சிலர் செய்யும் பிழையொன்றனையும் சுட்டுதல் தகும். பின்னைய நூல்களை எடுத்துக்காட்டி, பரணவிதான எழுதியவை யாவும் தள்ளத்தக்கன என்று மேடையிற் பேசுவோர் உளர். அவர்களே அடுத்த மூச்சில், ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே அநுராதபுரத்தில் தமிழ் வணிகர் வாழ்ந்தனர் என்று முழங்குவர். அம்முழக்கத்துக்கு ஆதாரமான பாடத்தைத் தந்தவர் எவர் என்று அவர்களை எவரும் வினவுவதில்லை. மறுபக்கத்தில், அவர் எழுதிய அனைத்தையும் வேதவாக்கெனக் கொண்டு யாழ்ப்பாண வரலாற்றுக்கு முடிவுரை கூறுவோரும் உளர். இருசாராரும் அவர் நூலைத் திறந்து பார்த்ததாகத் தோன்றவில்லை.

அந்நூல் 1970இல் வெளிவந்த இலங்கைச் சாசனங்கள் முதலாந் தொகுதி. ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட பழைய பிராமிச் சாசனங்கள், பெரும்பாலும் குகைகளுக்குரியவை, அதில் இடம்பெற்றுள்ளன. மிகிந்தலை, வெசகிரி, றிட்டிகல, இராசகல, சித்துல்பவ்வை எனத் திசையெங்குமுள்ள குன்றுகளின் எழுத்துக்கள் எண்ணிட்டு வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் பாடமும் மொழிபெயர்ப்பும் உண்டு. பலவற்றுக்கு மைப்படியின் நிழற்படமும் உண்டு. மகிந்ததேரரின் பெயரைத் தாங்கிய இராசகலைச் சாசனத்தை அவர் 1962இலேயே தனியே வெளியிட்டிருந்தார். வனவிலங்குப் பகுதியிற் பணியாற்றிக் காடெல்லாம் நடந்த சி. டபிள்யூ. நிக்கொலசு போன்றோரின் உழைப்பும் இத்துறைக்கு உரமாயிற்று. தம்முடைய ஐயத்துக்குரிய நூல்களை எழுதிய அதே ஆண்டுகளிலேயே பரணவிதான இத்தொகுதியையும் அச்சுக்கு ஆக்கித் தந்தார் என்பதை நினைக்குந்தோறும் வியப்புண்டாகின்றது. ஒரே மேசை, ஒரே விளக்கு, ஒருபுறம் யாவரும் கண்டு சரிபார்க்கக்கூடிய எழுத்து, மறுபுறம் எவரும் காணாத எழுத்து.

1972 ஐப்பசி 4ஆம் நாள் அவர் காலமானார். இரண்டாந் தொகுதியின் முதற்பாகம் அவர் மறைவின் பின்னர் 1983இல் வெளிவந்தது. முதற்றொகுதியின் 94ஆம் எண்ணில் மேடை செய்வித்த தமிழன் சமணன் இருக்கின்றான். வணிகன் விசாகன் 356, 357ஆம் எண்களில் இருக்கின்றான்.